டன்யூப் ஆற்றைக் கடந்தவர்கள்

சிட்னியில் ஒரு மியூசியத்தில் பதினொரு வருடம் கலரி அட்டெண்டன்டாக இருந்தேன். கண்ணாடியில் கை வைக்கவேண்டாம் என்று சொல்வதுதான் முக்கால்வாசி வேலை. அங்கே நான் கடைசியாகக் கோபப்பட்டது ரோமாபுரிக்காக.

அது பெரிய கண்காட்சி. எண்ணெய் விளக்கு, திரிகை, கரிந்த பாண் ரொட்டி, குளிக்கும்போது ஊத்தை வழிக்கிற வளைந்த தகடு என்று ஆறு அறை நிறைய ரோமருடைய அன்றாட வாழ்க்கை. ஏழாவது அறை வீழ்ச்சி. அதன் சுவர்ப் பலகையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: காட்டுமிராண்டிகள் எல்லையை உடைத்துப் புகுந்தார்கள், பேரரசு சரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகை காட்டுமிராண்டிகள் என்ற அந்தச் சனம், ஹூணர்களுக்குப் பயந்து பிள்ளை குட்டிகளோடு பேரரசின் எல்லையான டன்யூப் ஆற்றங்கரையில் நின்று அனுமதி கேட்டது. ரோமர் அனுமதி கொடுத்துத்தான் உள்ளே எடுத்தார்கள். பிறகு பட்டினி போட்டார்கள். சாப்பிட ஒரு நாயைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பிள்ளையை அடிமையாக வாங்கினார்கள் அதிகாரிகள். சண்டை வந்தது அதற்குப் பிறகு. படகில் வந்து முகாமில் கிடந்தவன் நான். இதை எப்படிப் பொறுப்பது?

கண்காட்சித் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலை எனக்கே வந்தது. அதிலும் இருந்த அந்த வரியைத் தூக்கிவிட்டு நடந்ததை எழுதினேன். ஒஃபிசில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அப்படியே அச்சாகியது.

கண்காட்சி தொடங்கி மூன்றாம் கிழமை, பிளாக்டவுனிலிருந்து டெல்சி என்ற மன்னார்ப் பெண் தன் மகளோடு வந்தா. பிரசுரத்தையும் பலகையையும் மாறி மாறி வாசித்தா.

"அண்ணை, தமிழில அகதியள் எண்டு கிடக்கு, இங்கிலிசில வேற மாதிரிக் கிடக்கு. எது சரி?"

பக்கத்தில் என் மனேஜர் லின்டா நின்றா. அம்மா என்ன கேட்கிறா என்று மகளிடம் விசாரித்தா. பிள்ளை சொல்லிவிட்டாள்.

பிரசுரத்தை அன்றே எடுத்துவிட்டார்கள். லின்டாவின் அறையில் நான் சத்தம் போட்டேன், எழுதியது பொய்யென்றால் காட்டுங்கள் என்று. பொய்யில்லை, விசாரித்துவிட்டேன் என்றா அவ. பிறகு ஒரு தாளை என் முன்னால் வைத்தா. பலகை எழுதும்போது எல்லா ஊழியருக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்ட தாள். அதில் என் கையெழுத்தில் 'ஆல் குட்' என்று இருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் மாற்றியிருப்போம், இனி இங்கே முடிந்ததும் கண்காட்சியோடு பலகைகளும் அப்படியே மெல்பேர்னுக்குப் போகும் என்றா.

பதினொரு வருடமும் வந்த ஒவ்வொரு தாளிலும் அதையேதான் எழுதினேன். விசா இல்லாத காலத்தில் பொத்திய வாய், சிற்றிசன்ஷிப் கிடைத்த பிறகும் திறக்கவில்லை. அவர்களுக்கு விளங்காத மொழியில் வீரம் காட்டியிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, என்மேல்தான். உங்களிடம் கருத்துக் கேட்டுத் தாள் வந்தால், பிழை இங்கிலிசில் என்றாலும் எழுதிக் கொடுங்கள்.

டெல்சியின் மகளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூட அசைன்மென்டுக்கென்று அவள் போனில் படம் எடுத்துக்கொண்டு போனது அந்தச் சுவர்ப் பலகையை.