சுவர் தட்டும் சத்தத்தோடு ஒரு குட் மார்னிங்

‘ஹூ வேக்ஸ் யூ அப்?’ என்று மிஸ் கேட்டால் என் மகள் என்ன பதில் சொல்ல வேண்டும்? டிகிரி முடித்த எனக்கே இன்னும் தெரியவில்லை.

அவள் யுகேஜி படிக்கிறாள். பள்ளியில் இங்கிலீஷ் டே வருகிறது. காலையில் அம்மா குழந்தையை எழுப்புவதை வீட்டில் பதிவுசெய்து மிஸ்ஸின் வாட்ஸாப்புக்கு அனுப்ப வேண்டும். நன்றாகப் பேசும் குழந்தைக்கு மேடை. பேசவேண்டியதை மிஸ்ஸே அனுப்பியிருந்தார். நான், ‘ரைஸ் அண்ட் ஷைன், டார்லிங்!’ அவள், ‘ஃபைவ் மோர் மினிட்ஸ், மம்மி!’ மேடை என்றதும் மகள் குதித்தாள்.

ஏலப்பாறைக்கு மேலே, தேயிலை எஸ்டேட் லைனில் ஆறு வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஐந்து மணிக்கு முதல் வீட்டு அக்கா எழுந்து பக்கத்துச் சுவரை மூன்று தட்டு தட்டுவார். இரண்டாம் வீட்டு அக்கா எங்கள் சுவரைத் தட்டுவார். நான் நாலாம் வீட்டுக்குத் தட்டுவேன். அப்படியே ஆறாம் வீடுவரை போகும். எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது. மழையில் இரண்டு நாள் கரண்ட் போனால் அது செத்துவிடும், சுவர் சாகாது. ‘வேக் அப்’ என்றால் கண் விழிப்பது, ‘கெட் அப்’ என்றால் படுக்கையை விட்டு எழுவது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் லைனில் இரண்டுக்கும் நடுவே நேரமே கிடையாது. ஐந்து நிமிஷம் கேட்டு இங்கே யாரும் படுத்ததில்லை.

பதிவில் சத்தம் விழக்கூடாதே என்று, “நாளைக்கு மட்டும் தட்டாதீங்கக்கா, நானே எந்திரிச்சு அந்தப் பக்கம் தட்டிர்றேன்” என்று இரண்டாம் வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

எழுந்தேன். பதிவுசெய்தேன். மகள் முதலில் சிரித்தாள், பிறகு வசனத்தை மறந்தாள், பிறகு அழுதாள். நான்காவது முறை சரியாக வந்தது. கொழுந்தெடுக்கப் போகாதவள் நான். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் மஸ்டர் நினைப்பே வரவில்லை. சுவரைத் தட்டியபோது மணி ஆறரை தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்து மூன்று வீட்டுப் பெண்களும் ஓடினார்கள். பேர் கூப்பிட்டு முடித்தாயிற்று என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டார். மூவருக்கும் ஒரு நாள் கூலி போயிற்று.

நாலாம் வீட்டு அக்கா என் வாசலில் கூடையை வைத்தார்.

“ஏ புள்ள, ஒன் மவ இங்கிலீசுல முழிக்கணும்னா நாங்கெல்லாம் தமிழ்ல தூங்கணுமாக்கும்?”

“தப்புதான்க்கா.”

“படிச்சவதானட்டி நீ? சுவத்தைத் தட்ட எந்தக் காலேஜுக்குப் போணும்?”

‘ஓவர்ஸ்லீப்’ என்றால் தெரியாமல் தூங்கிப்போவது. அவர்கள் தூங்கிப்போகவில்லை. நான் தூங்கவைத்தேன்.

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். மறுநாள் வழக்கம்போல் தட்டச் சொல்லி இரண்டாம் வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, போனைப் பதிவில் ஓடவிட்டேன். தட்டு விழுந்தது. மகள் எழுந்து உட்கார்ந்தாள். “ஐ ஆம் அப், மம்மி!” என்று, வசனத்தில் இல்லாததை அவளாகவே சொன்னாள். பிறகு நாலாம் வீட்டுச் சுவரைச் சின்னக் கையால் தட்டினாள். “கேட்டுச்சு தாயி!” என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அதை அப்படியே அனுப்பினேன்.

மிஸ் குரல் செய்தி போட்டார்: “நல்லாப் பேசுது மம்மி. ஆனா அந்தத் தட்டுற சத்தம் வேண்டாம். ஒரு தடவை கூடி எடுத்து அனுப்புங்க. இல்லேன்னா வேற குழந்தைக்குக் கொடுக்கணும்.”

இரண்டு முறை எழுதி அழித்தேன். மூன்றாம் முறை அனுப்பிவிட்டேன்: ‘இது எங்கள் வீட்டுச் சத்தம், மிஸ். இதை நிறுத்திவிட்டு எடுக்க மாட்டேன்.’

மூன்று நாளாகப் பதில் இல்லை. மிஸ்ஸுக்கு அப்படி எழுதியிருக்கலாமா என்று அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்க்கிறேன். ஆனாலும் அதைத் திரும்பப் பெறவில்லை. “மிஸ் என்னச் சேர்த்துட்டாங்களாம்மா?” என்று மகள் தினமும் கேட்கிறாள். என் பிடிவாதத்துக்கு அவள் மேடையைப் பறிகொடுக்க வேண்டுமா?

பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கு அவளிடம் என்ன சொல்லட்டும்? மிஸ்ஸிடம் நேரில் போய்ப் பேசலாமா, எப்படிப் பேசுவது? சுவரை நிறுத்தச் சொல்வதைத் தவிர, எந்த யோசனையானாலும் எழுதுங்கள்.