வேல்சாமியைத் திருப்பிப் படுக்கவைத்த வகுப்பு

அனுஷா தொழிற்கல்விப் பள்ளியில் பிளஸ் டூ படித்தாள். பாடம், நோயாளி பராமரிப்பு. லேப் கட்டடத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்ததால் அந்த வருஷம் பாதி நாள் பள்ளியில், பாதி நாள் வீட்டில் போனைப் பார்த்துப் படிப்பு. செய்முறையையும் வீட்டிலேயே செய்து காட்டச் சொன்னார் ஆதிரா டீச்சர். மற்ற பிள்ளைகள் தலையணையை நோயாளியாக்கிக்கொண்டார்கள். அனுஷாவுக்கு அப்பா இருந்தார்.

வேல்சாமி சங்கரன்கோவில் பக்கமிருந்து கேரளத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அம்மா முத்தாரம்மாள் கிழக்கேகோட்டை ஓட்டல் ஒன்றுக்குக் காலையிலேயே மாவரைக்கப் போய்விடுவாள். அப்பாவைத் துடைப்பது, புரட்டுவது, மூத்திரப் பை மாற்றுவது எல்லாம் அனுஷாதான். ஆரம்பத்தில் அழுதாள். பிறகு அழுகை நின்றது. கூடவே பேச்சும் நின்றது. பாத்திரம் கழுவுவதுபோல முடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

அன்றைக்குப் போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்தாள்.

"அனுஷா, பேஷன்ட்டோட ஆத்யம் பறயணும்," என்றார் டீச்சர் போனிலிருந்து. "பறயாதெ தொடான் பாடில்ல." நோயாளியிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடவேண்டுமாம்.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டியதாயிற்று.

"அப்பா, இப்போ உங்கள இடப்பக்கம் திருப்பப் போறேன். வலிச்சா சொல்லணும்."

வேல்சாமி அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சரி தாயி," என்றார்.

திருப்பினாள், விரிப்பை மாற்றினாள், முதுகைத் துடைத்தாள். டீச்சர் "வெரி குட்" சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அனுஷா போனை அணைத்தாள்.

"நாளைக்கும் கிளாஸ் உண்டா?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல, நாளைக்கு ஸ்கூலுக்குப் போணும்."

"கிளாஸ் இருந்தாத்தான் பேசுவ போல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் விசாரிக்கிறவர் மாதிரித்தான் சொன்னார். அனுஷா தனக்குள் ஏதாவது கலங்குகிறதா என்று நின்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்புமுன் அவரைப் புரட்டும்போது அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவரும் "சரி தாயி" என்றார். அதற்கப்புறம் தினமும் சொன்னாள். பிரியத்தில் சொல்கிறாளா, பழக்கத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் ஒருநாள்கூடப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

பாஸானதும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை கிடைத்தது. முத்தாரம்மாள் ஓட்டல் வேலையை விட்டாள். முதல் நாள் காலை, பை மாற்றுவது எப்படியென்று அவள் கேட்டபோது அனுஷா தலையைப் பின்னிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். அம்மா பையைத் தலைகீழாகப் பிடித்தாள். "ரெண்டு நாள்ல பழகிரும்," என்றாள் அனுஷா. பிறகு புட்டைத் தின்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.