நாத்தனார் போட்ட காளான் டீ

மூட்டுவலிக்கு நல்லது என்று என் நாத்தனார் தினமும் காளான் டீ போடுகிறாள். ஒரு வாரமாக என் வீட்டுக்காரருக்கு அந்த டீப் புராணம்தான். கல்யாணமான மூன்றாம் நாள் என் ரசத்தைக் குறை சொன்னவள் அவள். நான் மறக்கவில்லை.

இன்று காலை தூக்குவாளியோடு வந்தாள்.

"ஏட்டி, தம்பிக்குச் சூடாக் குடு."

கொடுத்துவிட்டு கரிவலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மூட்டுவலிக்காரி ஓடுகிறாள்!

அவர் குளித்துக்கொண்டிருந்தார். டீயை எங்கள் வீட்டு டம்ளரில் ஊற்றி, தூக்குவாளியை ஒளித்துவிட்டு, அவர் வந்ததும் நீட்டினேன்.

"நானும் காளான் டீ போட்டிருக்கேன், குடிச்சுப் பாருங்க."

ஒரு மடக்கு குடித்தார்.

"என்ன இருந்தாலும் அக்கா கைப்பக்குவம் வராதுட்டி."

அது அக்காள் டீதான் என்று சொல்ல வாய் துடிக்கிறது. சொன்னால் நான் செய்த காரியம் அவள் காதுக்குப் போய்விடும்.

நீங்களே சொல்லுங்கள். இவர் மூக்கை உடைக்கவா, என் மானத்தைக் காக்கவா?