பீரோவுக்கு ஓட்டுக் கேட்ட கோடை

கூட்டணி அறிவிப்பு வந்தபோது நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். என் தையல் கடையில் ஓடிய டிவியில் இரண்டு தலைவர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். ஒருவர் எங்கள் கட்சித் தலைவர். மற்றவர், எங்கள் ஊரில் பதினைந்து வருடமாக நான் எதிர்த்து நின்ற பெரிய கட்சியின் தலைவர். பார்த்துக்கொண்டே மிதித்ததில் தையல் கோணிப்போய்விட்டது. பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

நான் எங்கள் ஊர்க் கிளைச் செயலாளர். எங்களுடையது சின்னக் கட்சி. என் அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போன காலத்தில், கூலி உயர்வு கேட்டு அதில் சேர்ந்தவர்கள். பெரிய கட்சியின் கிளைச் செயலாளர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் மிராசுதார் வீடு. அவர்கள் வயலில்தான் என் அம்மா நடவு நட்டாள். அவருக்கும் எனக்கும் ஐந்தாறு வயதுதான் வித்தியாசம்.

போன உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கு நான் நின்றேன். எதிரே நின்றது அவர் மனைவி. "அவங்க வயலுக்குப் போற வாய்க்கால் மட்டும் பளிச்சுன்னு இருக்கு, நம்ம வாய்க்கால்ல கோரைதான் மண்டிக் கிடக்கு" என்று மைக்கில் சொன்னேன். கூட்டம் கைதட்டியது. ஆனால் பதினோரு ஓட்டில் தோற்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டோடு எனக்குப் பேச்சில்லை. என்னிடம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா, துணியை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போகத் தொடங்கினார்.

இப்போது கூட்டணி. அதிலும் எங்கள் சட்டமன்றத் தொகுதி எங்கள் கட்சிக்கே கிடைத்துவிட்டது. பெரிய கட்சிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். "வருஷம் பூரா கொடி கட்டுறது நாங்க, சீட்டு மட்டும் அவங்களுக்கா?" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உள்ளாட்சியில் ஆளைப் பார்த்துப் போடுவார்கள்; சட்டமன்றத் தேர்தல் என்றால் எங்கள் வாக்குச்சாவடியில் அவர்கள் ஓட்டில் பாதிகூட எங்களுக்குக் கிடையாது.

எங்கள் கட்சியின் ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அக்கா, நீங்களே நேர்ல போய்ப் பேசிடுங்க. அவங்க மனசு வைக்காம நாம கரையேற முடியாது."

மறுநாள் காலையில் போனேன். சின்ன வயதில் அம்மாவோடு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், எப்போதும் கொல்லைப்பக்கமாக. வாசல் வழியாகப் போவது அதுதான் முதல் தடவை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அந்த அம்மா வந்தார்.

"வாங்க, உள்ள வாங்க. ஏன் வெயில்ல நிக்கிறீங்க?"

நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காபி வந்தது. நான் எதை முதலில் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"வாய்க்கால் விஷயம் நீங்க சொன்னது சரிதாங்க. அப்ப கோவம் வந்துச்சு. ஜெயிச்சதுக்கப்புறம் போய்ப் பார்த்தேன். மூணு மனு குடுத்திருக்கேன், இன்னும் ஒண்ணும் நடக்கல."

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மனு கொடுத்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

"மைக்கப் பிடிச்சா நமக்கு வாய் கொஞ்சம் நீண்டுடுதுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அதற்குள் அவர் கணவர் கடையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றாமலே எதிரே உட்கார்ந்தார்.

"எங்க ஆளுங்க கோவமா இருக்காங்கம்மா. எனக்கும் கோவந்தான். ஆனா மேல முடிவெடுத்துட்டாங்க, செஞ்சுதான் ஆகணும்."

"மனசுக்குப் பிடிக்கலன்னா சொல்லிடுங்கண்ணே. நாங்க மட்டும் பார்த்துக்கிறோம்."

"மனசுக்குப் பிடிச்சத மட்டும் செய்யுறதுன்னா கட்சி எதுக்கும்மா? வீட்டுலயே உக்காந்துக்கலாமே."

அன்றே வாக்காளர் பட்டியலை விரித்தோம். நான் தெருத் தெருவாகத் துண்டறிக்கை கொடுப்பதையே தேர்தல் வேலை என்று நினைத்திருந்தவள். அவர் பென்சிலை எடுத்து வரிசையாகக் குறித்துக்கொண்டே போனார். இவர் இறந்துவிட்டார், இந்தப் பெண் கல்யாணமாகிப் பேராவூரணி போய்விட்டது, இந்த மூன்று பேர் சிங்கப்பூர், இவர்கள் திருப்பூர், போன் செய்தால் வருவார்கள். எங்கள் தெருப் பெயர்கள் வந்ததும் பென்சில் நின்றது. அங்கே யாரையும் அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் குறித்தார். இரண்டு பேருக்கும் தெரிந்ததைச் சேர்த்தபோதுதான் ஊர் முழுசாக அந்தத் தாளில் வந்தது.

எங்கள் கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. அந்த முறை கிடைத்தது பீரோ. கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில், "பீரோவுக்குப் போடுங்கம்மா" என்றதும், "வாங்குறதுக்கு வசதியில்லம்மா, கொடியிலதான் துணியெல்லாம் தொங்குது" என்றாள் ஒருத்தி. ஓட்டுக் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

ஆனால் உரக்கடைக்காரர் தெருவில் சிரிப்பு இல்லை. முப்பது வருடமாக ஒரே சின்னத்தில் குத்திப் பழகிய பெரியவர் ஒருவர், மாதிரி வாக்குச்சீட்டை வாங்கிக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"நம்ம சின்னத்தக் காணோமே?"

உரக்கடைக்காரர் குனிந்து பீரோவின் மேல் விரலை வைத்தார். "இதான் பெரியப்பா இந்தத் தடவ நம்ம சின்னம்."

நான் பின்னால் நின்றேன். 'அவங்க சின்னம்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். 'நம்ம' என்றார். அதற்குப் பிறகு அவரை எதிர்க்கட்சிக்காரராகப் பார்க்க எனக்குச் சிரமமாகிவிட்டது.

அடுத்த நாள் எங்கள் தெருவுக்கு வந்தார். வீடு வீடாக ஏறினார். என் சித்தி வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார். "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டு, முழுவதையும் குடித்தார். அன்று சாயங்காலம் சித்தி, "நல்லாத்தான் பேசுறாரு" என்று மட்டும் சொன்னாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

எங்கள் வேட்பாளர் ஜெயித்தார். எங்கள் வாக்குச்சாவடியில் இரண்டு கட்சிகளும் முன்பு தனித்தனியாக வாங்கியதைக் கூட்டிப் பார்த்தேன். இந்த முறை அதைவிடக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. தையல் மிஷினில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா ஒரு பையோடு கடைக்கு வந்தார். உள்ளே நாலு ஜாக்கெட் துணி. "மன்னார்குடிக்காரன் கழுத்த எறக்கி வச்சுடுறான்" என்றார்.

கூட்டணி இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் உரக்கடைக்காரர் என் கடை வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"இன்னும் டிவியில வரல. நாளைக்கு அறிவிப்பாங்க. கூட்டணி முறியுது. யாரோ சொல்லி நீ கேக்க வேணாம்னுதான் வந்தேன்."

"அப்ப உள்ளாட்சித் தேர்தல்ல எதிரெதிரயாண்ணே?"

"எதிரெதிரதான்."

மனசு சங்கடப்பட்டது. ஆனாலும் போன தடவை போலப் பயமோ ஆத்திரமோ இல்லை. நேரில் வந்து சொன்னாரே என்ற நிறைவுதான் இருந்தது. தலைவர்கள் சேர்வதும் பிரிவதும் சென்னையில் முடிவாகிறது. அதற்கு நடுவே ஊரில் எப்படி முகம் பார்த்துக்கொள்வது என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தத் தேர்தலில் நானும் நிற்கவில்லை, அவர் மனைவியும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் அவரும் நானும் ஏஜென்டுகளாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், நடுவில் ஒரு முழம் இடம் விட்டு. காலையில் ஒரு பாட்டியின் அடையாள அட்டையில் படம் தெளிவாக இல்லை என்று அதிகாரி தயங்கினார். அந்தப் பாட்டி நூறு சதவீதம் உரக்கடைக்காரர் கட்சி ஓட்டு. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"இவங்கதான் சார், எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

உரக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் எங்கள் கட்சியிலிருந்து வர வேண்டிய சாப்பாட்டுப் பொட்டலம் வரவில்லை. அவர் தன் பொட்டலத்தைப் பிரித்து, இலையோடு நடுவிலிருந்த இடத்தில் வைத்தார்.

"சாப்பிடும்மா. எலுமிச்சை சோறு, நல்லாருக்கு."

நல்லாத்தான் இருந்தது.