புழு பார்க்க வந்த அக்கா

பழவேற்காட்டுக்குத் தோள்பையோடு யார் வந்தாலும் டச்சுக்காரர் கல்லறைக்கு வழிகாட்டி அனுப்பிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த அக்காவையும் அப்படித்தான் அனுப்பினார்கள். அவர் போன வேகத்தில் திரும்பி வந்து, "எனக்குச் சேறு வேணும், படகு கெடைக்குமா?" என்று கேட்டார். அடிச்சேற்றில் வாழும் புழு, நத்தை, சிப்பிகளைப் பார்த்துத் தண்ணீரின் நலத்தைச் சொல்லும் படிப்பாம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் அப்பா, நைனா, மட்டும் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் அவரிடம் பேசினார்.

காரணம் இருந்தது. ஏரியில் வலைபோட எங்கள் ஊரில் குடும்பத்துக்குக் குடும்பம் நாளும் இடமும் முறைவைத்துப் பிரித்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஆறு ஏரியில் வந்து சேரும் இடத்தில் பாடு கிடைத்தால் முன்பெல்லாம் கூடை வழியும். அந்த வருடம் இறால் குறைந்தது. முதலில் குறைந்தது அந்த ஆற்றுவாயில் இருந்த நைனாவின் பாட்டில். பிறகு மற்றவர்களுக்குக் குறைந்தபோது காற்று சரியில்லை என்றார்கள்; நைனாவுக்கு என்றால் கைராசி போய்விட்டது என்றார்கள். அவரோடு வலையிழுத்தவர்கள் ஒவ்வொருவராக வேறு படகுக்கு மாறினார்கள். மிஞ்சியது என் மாமாதான், அதுவும் அம்மாவின் தம்பி என்பதால்.

அடுத்தவர் பாட்டில் யாரும் நுழையக்கூடாது. அதனால் நைனா தன்னுடைய நாளையே அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார்.

"உள்ள பாட்டையும் புழுவுக்கு வுட்டுட்டு வரப்போறியா? இன்னாய்யா ஆச்சு உனக்கு?" என்றார் அம்மா.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சிக்கணும்ல."

புட்டிகளில் பெயர் எழுத ஆள் வேண்டும் என்று அக்கா சொன்னதும் நைனா என்னைத்தான் பார்த்தார். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான், நாலாம் வகுப்பு. ஆனால் வலைப் படகில் பெண்களை ஏற்றமாட்டார்கள். "பெருசு ஒண்ணு ஏறியாச்சு, சின்னது ஏறினா இன்னா, படகு முழுகிடுமா?" என்று மாமா என்னைத் தூக்கி உள்ளே போட்டார்.

முதலில் யார் பாட்டிலும் சேராத ஏரியின் நடுவே நிறுத்தினோம். அக்கா கயிற்றில் கட்டிய இரும்புப் பெட்டியை இறக்கிச் சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசினார். குட்டிச் சிப்பி, கடுகளவு நத்தை, துள்ளும் பூச்சி, இரண்டொரு புழு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம். எனக்குச் சப்பென்று இருந்தது.

பிறகு எங்கள் பாட்டுக்கு வந்தோம். சேறு கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு மேலே வந்தது. அலசினால், அம்மாடி, நூல் நூலாகச் சிவப்புப் புழு! புழு இருந்தால் இறால் வரும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். "நைனா, நம்ம பாடுதான் ஜெயிச்சுது!" என்று கத்தினேன். புட்டியில் ஊர்ப் பெயரை மற்றதைவிடப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

நைனா விரலால் சல்லடையைக் கிளறினார்.

"சிப்பி இல்லியேம்மா?"

"இல்லண்ணா."

"நத்தை?"

அக்கா தலையசைத்தார். பலவகை உயிர் இருந்தால்தான் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார். மற்றவை வாழ முடியாத சேற்றில்தான் இந்தப் புழு மட்டும் இப்படிப் பெருகுமாம். ஆற்றோடு ஏதோ கெட்டது வந்து சேருகிறதாம்.

மாமா கழியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார். "பாத்தியா மச்சான்! தப்பு சேத்துல, உன் கையில இல்ல! பேசினவன் மூஞ்சிலல்லாம் இதையே அள்ளிப் பூசறேன் இரு!"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இனி நைனாவை ராசி கெட்டவர் என்று யார் சொல்லமுடியும்? அம்மாவிடம் இதை முதலில் யார் சொல்வது என்று மாமாவோடு அங்கேயே சண்டை பிடித்தேன்.

நைனா கறுப்புச் சேற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கைராசின்னா போவும், வரும். இது திரும்புமாம்மா?" என்று கேட்டார்.

அக்கா சல்லடையைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் முக்கினார். படித்தவர்கள் எவ்வளவு சுத்தம் பார்க்கிறார்கள் என்று வியந்துகொண்டே, நானும் படகோரம் குனிந்து என் கைகளை அலசிக்கொண்டேன்.