நெஞ்சளவு

விடியக்காலையில் ஆளுக்குப் பத்து வாழைப்பழம் தின்றிருந்தோம். எடை கூடக் காட்ட வேண்டுமே... மைதானத்தில் போய் நிற்கும் வரை ஏப்பமெல்லாம் பழ வாசம்தான்.

நானும் சேவியரும் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. ஆர்மிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் எங்கள் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். செலக்ட் ஆனவனுக்குப் படிப்பு அத்தோடு சரி. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் டிகிரிக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். மிலிட்ரிக்காரன் என்றால் தேடி வருவார்கள்.

சேவியருக்கு மட்டும் எம்.எஸ்சி. படிக்க ஆசை. வீட்டில் சொல்லப் பயம். தினமும் அவன் அப்பாதான் சைக்கிளில் பின்னாலேயே வந்து எங்களை ஓடவிடுவார். "ஏலே, எட்டி வைங்கலே. யூனிபாரம் போட்டு வந்தாத்தான் நாலு பேரு எந்திரிச்சு நிப்பாக."

அன்றைக்கு ஓட்டத்தில் பயல் என்னை முந்திவிட்டான். கம்பியில் பத்து புல்லப்ஸ் எடுத்தான். அடுத்து நெஞ்சளவு. மூச்சை இழுத்தால் ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். வீட்டில் அளந்தபோது அவனுக்கு ஏழு.

அங்கே மூன்றுதான் விரிந்தது.

அளந்தவர் இந்தியில் அதட்டி இன்னொரு தரம் இழுக்கச் சொன்னார். அதே மூன்று... பின்னால் நின்ற எனக்குப் புரிந்துவிட்டது. அவன் மூச்சை இழுக்கவே இல்லை.

வெளியே டீக்கடையில் அவன் அப்பா காத்திருந்தார்.

"நெஞ்சு விரியலப்பா."

"வீட்டுல ஏழு விரிஞ்சுச்சேய்யா..."

சேவியர் தலையைக் குனிந்துகொண்டான். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, கோபமே இல்லாமல், "ராவெல்லாம் லைட்டப் போட்டுப் படிக்கும்போதே நெனச்சேன். அப்படி என்னத்தய்யா படிக்கணும் ஒனக்கு?" என்றார்.

"கணக்குப்பா." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"சரி, படி. ஊருல கேட்டா நெஞ்சு பத்தலன்னு நானே சொல்லிக்கிறேன்."

இன்றைக்கும் ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் செலக்ட் ஆனேன். பதினேழு வருஷம் சர்வீஸ். யூனிபார்ம் எனக்குச் சோறு போட்டது, வீடு கட்டித் தந்தது. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சேவியர் இப்போது ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறான். இப்போதெல்லாம் நாலு வருஷத்துக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள். அப்படியும் அவன் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகிறதாம். செலக்ட் ஆகாமல் திரும்பி வரும் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, விட்ட பாடத்தை மறுபடி நடத்துகிறான்.

போன மாதம் அவனைப் பார்க்கப் போனேன். ஒட்ட முடி வெட்டிய ஏழெட்டுப் பையன்கள். நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"என்னலே மிலிட்ரி, புரியுதா?"

"நீ நடத்துலே."

ஒரு வரியும் புரியவில்லை. எந்தப் பாடத்தில் விட்டுவிட்டுப் போனேன் என்பதுகூட நினைவில் இல்லை. பையன்கள் எல்லாம் கிளம்பிய பிறகும், எழுந்து வர மனசில்லாமல் போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.