வேலமரம் வேகவைத்த வருடங்கள்

மரத்தை வேகவைத்துக் கூழாக்கினால்தான் காகிதம் வரும்; சோறுகூட வடிக்கத் தெரியாத என்னிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். எண்பதுகளின் நடுவில், வீரபாண்டிப் பக்கம் ஒரு சின்ன மில். பனியன் கம்பெனிகளின் அட்டைப்பெட்டிக்குக் காகிதம் போட்டோம். கல்லூரியில் படித்ததை நம்பி வேலைக்குப் போய் அவமானப்பட்ட அன்பர்களுக்கு என் நிலைமை புரியும்.

முதல் வேக்காடு

யூக்கலிப்டஸ் கிடைக்காமல், குண்டடத்திலிருந்து வெள்வேல மரம் லாரியில் வந்திறங்கியது. மரம் வேகிற கொப்பரையைப் பார்த்துக்கொள்கிற சவரிமுத்து அண்ணன் தூத்துக்குடிக்காரர். "இது நாட்டு மரம் சார். ரெண்டு மணி நேரம் கூட வேகணும்" என்றார். நான் கெமிஸ்ட்ரி பட்டதாரி ஆயிற்றே. நோட்டில் ஏதோ எழுதிக் காட்டி, வழக்கமான நேரத்துக்கே நீராவியை நிறுத்தச் சொன்னேன்.

திறந்தால், போட்ட மரச்சில்லு போட்டபடியே கிடந்தது, கொஞ்சம் கறுத்திருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கம்பியால் ஒரு கிளறு கிளறிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மரம் வெந்நீர்ல குளிச்சிருக்கு சார், அவ்வளவுதான்."

பெண் பார்த்த அன்று

மரம் வேகும்போது அழுகிய முட்டைக்கோஸ் வாடை வரும். உடம்பை விட்டுப் போகாது. மூலனூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா என் காதருகே குனிந்து, "வர்ற வழியில எதையாச்சும் மிதிச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க. கால் கழுவிக்கறீங்களா?" என்றார்.

கழுவினேன். வாடை அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். உள்ளே யாரோ சிரித்தார்கள்; பெண்தான். கல்யாணத்துக்குச் சம்மதித்தபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை: "அந்த மில்லுச் சட்டைய ஊட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுங்க."

மரம் விழுங்கிய சங்கிலி

மரத்தைச் சில்லாகச் சீவும் மெஷினுக்குள் விடுமுன் ஒவ்வொரு கட்டையிலும் ஆணி, கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஒருநாள் டீ குடிக்கிற அவசரத்தில், பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். சற்று நேரத்தில் மெஷின் கத்தி உடைந்தது. ஒரு துண்டு சவரிமுத்து அண்ணனின் காதோரம் பறந்து தகரச் சுவரில் குத்தி நின்றது. கட்டைக்குள் ஒரு பழைய சங்கிலி. மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்தது.

அண்ணன் திட்டவில்லை. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

வெட்கத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல், மறுநாள் மரம் விற்ற குண்டடத்துத் தோட்டக்காரரிடம் சண்டைக்குப் போனேன். ஒரு சங்கிலியால் ஓர் ஆள் செத்திருப்பார் என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அவரு நல்லா இருக்கோணுங்க. ஏனுங்க, அது எங்க எருமை கட்டுன சங்கிலிங்க, ரொம்ப வருசமாத் தேடறமுங்க, கையோட கொண்டாந்தீங்களா?"

வேலையை விட்டபோது கொடுத்த சான்றிதழில் என்னைத் 'திறமைசாலி' என்று அச்சடித்திருந்தார்கள்; நல்லவேளை, அது எங்கள் மில் காகிதம் இல்லை என்பதால் இன்னும் கிழியாமல் இருக்கிறது.